பிணக்கு, பூசல், சுருதி பேதம்: 'டிஸ்கார்ட்' என்ற சொல்லைக் கையாளும் முறை

செய்தி, தீர்ப்பு, அறிக்கை எதை ஆங்கிலத்திலிருந்து தமிழாக்கினாலும் 'டிஸ்கார்ட்' என்ற சொல் குறுக்கே வராமல் இருக்காது. அகராதியைப் புரட்டினால் இணக்கமின்மை, பிணக்கு, பூசல், முரண்பாடு, அபசுரம் என்று அரை டஜன் சொற்கள் கிடைக்கும். கைக்கு வந்ததை எடுத்து வைத்தாலும் வாக்கியம் இலக்கணப்படி சரியாகத்தான் இருக்கும். ஆனால் ஒரு குடும்பத்தைப் பற்றியோ, ஒரு ஊரைப் பற்றியோ, ஒரு நோயாளியைப் பற்றியோ மூலம் சொல்லாத ஒன்றை அது சொல்லிவிடக்கூடும். நம் வேலையில் இதைவிடப் பெரிய பிழை கிடையாது.

இந்தச் சொல்லைப் பார்த்ததும் கேட்க வேண்டிய முதல் கேள்வி, யாருக்கும் யாருக்கும் இடையில் என்பது. முன்பின் அறியாத இருவர் பேருந்தில் சண்டை போட்டால் ஆங்கிலத்தில் அதை டிஸ்கார்ட் என்று சொல்லமாட்டார்கள். கணவன் மனைவி, அண்ணன் தம்பி, ஒரே கட்சிக்காரர்கள், ஒரே ஊரில் வாழும் இரண்டு சமூகத்தார், ஒரே கூட்டணியில் இருக்கும் நாடுகள் என்று சேர்ந்து இருக்கவேண்டியவர்கள் சேராமல் போகும்போதுதான் அந்தச் சொல் வரும். இதற்குக் காரணம் சொல்லின் வேரிலேயே இருக்கிறது. லத்தீனில் 'கோர்' என்றால் இதயம். இதயங்கள் விலகிநிற்பது 'டிஸ்கோர்டியா'. அது பழைய பிரெஞ்சு வழியாக 13ஆம் நூற்றாண்டில் ஆங்கிலத்துக்கு வந்தது. இணக்கத்தைக் குறிக்கும் கான்கார்ட், அக்கார்ட் இரண்டும் அதே வேரில் கிளைத்தவை. பிரிட்டனும் பிரான்சும் சேர்ந்து கட்டிய ஒலிமிஞ்சும் விமானத்துக்கு 'கான்கார்ட்' என்று பெயர் வைத்தார்கள். அந்தப் பெயரின் கடைசியில் பிரெஞ்சு வழக்கப்படி 'ஈ' எழுத்து வரலாமா கூடாதா என்பதிலேயே இரு நாடுகளும் ஒத்துப்போகவில்லை. பிரதமர் மாக்மில்லன் காலத்தில் பிரிட்டன் நீக்கிய அந்த எழுத்தை 1967இல் அமைச்சர் டோனி பென் திரும்பச் சேர்த்தார்.

தமிழில் இந்த 'சேர்ந்திருப்பவர்களுக்குள்' என்ற பொருளைத் தானாகவே சுமக்கும் சொற்கள் பிணக்கு, மனத்தாங்கல், மனக்கசப்பு, பூசல். பகை அப்படிப்பட்டதல்ல, அறிமுகமே இல்லாதவர்கள் மீதும் அது வரலாம். மோதல் அதைவிட வெளிப்படையானது, கைகலப்பு வரை போகக்கூடியது. 'உட்கட்சிப் பூசல்' என்று நாளிதழ்கள் எழுதுவது டிஸ்கார்டுக்கு அச்சாகப் பொருந்தும். எதிர்க்கட்சியுடன் நடப்பதை யாரும் பூசல் என்று எழுதுவதில்லை.

கணவன் மனைவி விவகாரம்

இந்தச் சொல் மிக அதிகமாக வருவது 'மேரிட்டல் டிஸ்கார்ட்' என்ற தொடரில்தான். குடும்பநல நீதிமன்ற மனுக்கள், மனநல அறிக்கைகள், குற்றச் செய்திகள் எல்லாவற்றிலும் அது உண்டு. ஒரு மாதிரி வாக்கியத்தை எடுத்துக்கொள்வோம். திருமணமாகி இரண்டாம் ஆண்டிலிருந்து அந்தத் தம்பதியினரிடையே மேரிட்டல் டிஸ்கார்ட் இருந்துவந்தது என்கிறது மூலம். 'அடிக்கடி தகராறு நடந்தது' என்று எழுதினால், நடந்ததாக மூலம் சொல்லாத சண்டைகளை நாம் சேர்க்கிறோம். தகராறு ஒரு நிகழ்ச்சி. அதற்கு நாளும் நேரமும் உண்டு, பக்கத்து வீட்டுக்காரர் சாட்சி சொல்லலாம். டிஸ்கார்ட் ஒரு நிலை. ஒரு குரல்கூட உயராமல், ஒரே வீட்டில் பேச்சில்லாமல் இருவர் வாழ்வதும் அதில் அடங்கும். 'ஒத்துப்போகவில்லை' என்று நம் வீடுகளில் சொல்வதுதான் பொருளுக்கு மிக நெருக்கமானது. 'இரண்டாம் ஆண்டிலிருந்தே இருவருக்கும் ஒத்துப்போகவில்லை' என்றால் மூலத்தில் உள்ளது முழுதும் வந்துவிடுகிறது, கூடுதலாக எதுவும் வரவில்லை.

நாளிதழ்களின் வழக்கமான சொல் 'கருத்து வேறுபாடு'. மரியாதையான சொல்தான், தவறில்லை. ஆனால் கருத்து வேறுபாடு தேர்தலில் யாருக்கு ஓட்டுப் போடுவது என்பதிலும் வரும், அதோடு நல்ல இல்லறமும் நடக்கும். பிரிந்துபோகும் அளவுக்கு வந்துவிட்ட நிலையைச் சொல்ல அது சற்று மெலிந்த சொல். மனக்கசப்பு என்பது எனக்கு மேலாகப் படுகிறது. 'ஊடல்' என்று எழுதும் ஆசை சிலருக்கு வரும், கூடவே கூடாது. ஊடல் கூடலுக்கு முந்திய படி. மருதத் திணையின் உரிப்பொருள் அது, திருக்குறளின் கடைசி அதிகாரமே ஊடலின் இன்பத்தைப் பற்றியது. விவாகரத்து மனுவில் அதற்கு இடமில்லை.

சட்ட ஆவணமாக இருந்தால் இன்னும் கவனம் வேண்டும். 1955ஆம் ஆண்டின் இந்து திருமணச் சட்டம் விவாகரத்துக்கான காரணங்களை எண்ணிச் சொல்கிறது. கொடுமை, கைவிட்டுச் செல்லுதல் ஆகியவை அதில் உண்டு. டிஸ்கார்ட் அந்தப் பட்டியலில் இல்லை. மனுவில் அது ஒரு நிலைமையின் வர்ணனை மட்டுமே. அதை உணர்ச்சிவசப்பட்டுக் 'கொடுமை' என்று மொழிபெயர்த்தால், சாதாரண வர்ணனை சட்டக் குற்றச்சாட்டாக மாறிவிடும்.

இதற்கு நேர் எதிரான தவறு அதைவிட அதிகமாக நடக்கிறது, அதைப் பற்றி எனக்கு அழுத்தமான கருத்து உண்டு. மூலத்தில் 'டொமஸ்டிக் வயலன்ஸ்' என்று இருப்பதைக் 'குடும்பத் தகராறு' என்று எழுதுகிறார்கள். டிஸ்கார்டும் தகராறும் இரண்டு பக்கமும் பங்கெடுக்கும் காரியங்கள். அடிப்பவரும் அடிபடுபவரும் அப்படி இல்லை. 2005இல் வந்த பெண்கள் பாதுகாப்புச் சட்டத்தின் தமிழ் வழக்கிலேயே 'குடும்ப வன்முறை' என்ற சொல் நிலைபெற்றுவிட்டது. அதை அப்படியே எழுத வேண்டும். மனைவியை வெட்டியவரின் செய்திக்குக் 'குடும்பத் தகராறில்' என்று தலைப்பிடும்போது, செத்துப்போனவளின் தலையில் பாதிப் பழியைச் சுமத்துகிறோம்.

சமூகத்துக்குள் வரும்போது

மதம், சாதி, மொழி பற்றிய செய்திகளில் டிஸ்கார்டுடன் 'டிஸ்ஹார்மனி' என்ற சொல்லும் சேர்ந்து வரும். பேச்சில் அரிதான இந்தச் சொல் இந்தியச் சட்டத்தில் இடம்பெற்றிருக்கிறது. இந்திய தண்டனைச் சட்டத்தின் 153ஏ பிரிவு, சமூகங்களுக்கிடையே டிஸ்ஹார்மனியையும் பகை, வெறுப்பு, தீய எண்ணம் ஆகியவற்றையும் தூண்டுவதைக் குற்றமாக்கியது. 2024 ஜூலை 1 முதல் அதன் இடத்தில் பாரதிய நியாய சன்ஹிதாவின் 196ஆம் பிரிவு இருக்கிறது. அரசமைப்புச் சட்டமும் ஹார்மனியைக் குடிமகனின் கடமையாகவே வைத்திருக்கிறது. 1976இன் 42ஆவது திருத்தம் கொண்டுவந்த 51ஏ பிரிவில் அது உள்ளது.

ஹார்மனிக்குத் தமிழில் 'நல்லிணக்கம்' என்ற சொல் அரசு வழக்கிலும் மேடை வழக்கிலும் உறுதியாக வேரூன்றிவிட்டது. ஆகவே டிஸ்ஹார்மனிக்கு 'இணக்கமின்மை' என்று புதுச்சொல் ஒட்டவைப்பதைவிட, 'நல்லிணக்கம் குலைதல்', 'நல்லிணக்கத்தைக் குலைக்கும் வகையில் பேசினார்' என்று வினையாக்கிவிடுவது நல்லது. 'இன்மை' என்று முடியும் பெயர்ச்சொற்கள் தமிழில் சொல்லுவதற்கும் கேட்பதற்கும் கடினம். ஆங்கிலத்தில் பெயர்ச்சொல்லாக உறைந்திருப்பதை வினையாக உருக்கிவிட்டால் வாக்கியம் தானே நடக்கும்.

'கம்யூனல் டிஸ்கார்ட்' என்று மூலம் சொல்லும்போது கலவரம் என்றோ மோதல் என்றோ எழுதாதீர்கள். கல்லெறி, தீவைப்பு நடந்திருந்தால் மூலமே 'ரயட்', 'கிளாஷ்' என்று சொல்லியிருக்கும். அமைதியாக இருக்கும் ஊரைப் பற்றிக் கலவரம் என்று அச்சில் வந்தால், அந்தச் செய்தியே அடுத்த தெருவுக்குத் தீப்பந்தமாகலாம். 'இரு சமூகத்தாரிடையே கசப்பு', 'பூசல்', 'ஒற்றுமைக் குலைவு' போதும். கலகம் என்ற சொல்லிலும் எச்சரிக்கை வேண்டும். 1857ஐச் சிப்பாய்க் கலகம் என்று எழுதிப் பழகிய வாசகருக்கு அது ஆட்சிக்கு எதிரான எழுச்சியாகத்தான் கேட்கும்.

டிஸ்கார்டை விதைப்பது

ஆங்கிலத்தில் டிஸ்கார்டுடன் சேர்ந்து வரும் வினைகளில் முக்கியமானது 'சோ', அதாவது விதைத்தல். 'பிணக்கை விதைத்தான்' என்று எழுதினால் புரியும், ஆனால் தமிழில் இதற்கு அதைவிட உயிருள்ள வழக்கு கைவசம் இருக்கிறது: சிண்டு முடிதல். இரண்டு பேரின் குடுமியை அவர்களுக்குத் தெரியாமல் முடிச்சுப் போட்டுவிட்டால் ஒருவர் எழுந்ததும் மற்றவர் அலறுவார். முடித்தவன் தூரத்தில் நிற்பான். மூன்றாம் ஆள் ஒருவன் மறைவாக இருந்து செய்கிறான் என்ற நுட்பம் 'சோ டிஸ்கார்ட்' என்பதிலும் இருக்கிறது. பேச்சு நடையிலும் பத்தி எழுத்திலும் இதைத் தயங்காமல் கையாளலாம். ஆய்வறிக்கை, தீர்ப்பு போன்ற இடங்களில் 'பிரிவினை உண்டாக்கினார்', 'பூசலைத் தூண்டினார்' என்பவை பொருந்தும். கோள் மூட்டுதல் குடும்ப அளவுக்கு உகந்தது. நாரதர் வேலை என்று மட்டும் எழுத வேண்டாம். நாரதர் கலகம் நன்மையில் முடியும் என்பது நம் நம்பிக்கை. விதைக்கப்படும் டிஸ்கார்ட் நன்மையில் முடிவதாக ஆங்கிலம் நினைப்பதில்லை.

'ஆப்பிள் ஆஃப் டிஸ்கார்ட்' என்ற தொடர் கிரேக்கக் கதையிலிருந்து வந்தது. பீலியஸ், தீட்டிஸ் திருமணத்துக்கு எல்லாத் தெய்வங்களுக்கும் அழைப்புப் போனது, பிணக்கின் தெய்வமான ஏரிஸுக்கு மட்டும் போகவில்லை. அவள் வந்து, அழகிற் சிறந்தவளுக்கு என்று பொறித்த பொன் ஆப்பிள் ஒன்றைக் கூட்டத்தில் உருட்டிவிட்டாள். ஹீரா, அத்தீனா, அஃப்ரடைட்டி மூவரும் அதற்கு உரிமை கோரினார்கள். தீர்ப்புச் சொன்ன பாரிஸ் அஃப்ரடைட்டியிடமிருந்து ஹெலனைப் பரிசாகப் பெற, டிராய் நகரம் அழிந்தது. ஏரிஸையே ரோமர்கள் டிஸ்கோர்டியா என்று அழைத்தார்கள். தமிழில் ஆப்பிளை விட்டுவிடுங்கள். 'பூசலுக்கு வித்தான அந்த நிலம்', 'சண்டைக்கு மூலமான அந்தப் பதவி' என்று எந்தப் பொருளுக்காக அடித்துக்கொள்கிறார்களோ அதன் பெயரைச் சொல்லிவிட்டால் போதும். ஏரிஸ் வானியல் செய்திகளிலும் தலைகாட்டுவாள். 2005இல் கண்டறியப்பட்ட ஒரு தொலைதூர வான்பொருளால்தான் எது கோள் என்ற வாக்குவாதம் முற்றி, 2006 ஆகஸ்ட்டில் புளூட்டோ கோள் தகுதியை இழந்தது. அடுத்த மாதமே அந்த வான்பொருளுக்கு ஏரிஸ் என்று பெயர் சூட்டினார்கள்.

இசையில்

இங்கேதான் மொழிபெயர்ப்பாளர்கள் அதிகம் தடுமாறுகிறார்கள். அகராதி 'அபசுரம்' என்கிறது. அபசுரம் என்றால் தவறிப்போன சுரம், பாடுபவரின் பிழை. மேற்கத்திய இசையில் டிஸ்கார்ட் பிழையல்ல. இசையமைப்பாளர் தெரிந்தே வைக்கும் உரசல். இரண்டு சுரங்கள் ஒரே நேரத்தில் ஒலித்து, காதில் ஓர் இறுக்கத்தை ஏற்படுத்தி, அடுத்த சுரக்கூட்டில் அந்த இறுக்கம் தளரும். தளர்வதற்குப் பெயர் 'ரிசல்யூஷன்'.

கேட்டுப் பார்த்தால் உடனே விளங்கும். ஹார்மோனியத்திலோ கீபோர்டிலோ அடுத்தடுத்த ஒரு வெள்ளைக் கட்டையையும் கருப்புக் கட்டையையும் ஒன்றாக அழுத்துங்கள். ஒலி கரகரக்கும். இப்போது ச, ப இரண்டையும் அழுத்துங்கள். கரகரப்பு போய்விடும். தம்புராவுக்குச் சுருதி சேர்க்கும்போது இதே விஷயம் மெதுவாக நடப்பதைக் காணலாம். இரண்டு தந்திகளில் ஒன்று விநாடிக்கு 220 முறையும் மற்றது 224 முறையும் அதிர்ந்தால், ஒலி விநாடிக்கு 4 தடவை ஏறி இறங்கும். பிரடையைத் திருகத் திருக அந்த அலை நிதானமாகி, சுருதி சேர்ந்ததும் மறையும். வித்தியாசம் பெரிதாகும்போது அலைகளை எண்ண முடியாத வேகம் வந்து, காதுக்குக் கரகரப்பாகப் படுகிறது. ஜெர்மானிய அறிவியலாளர் ஹெல்ம்ஹோல்ட்ஸ் 1863இல் வெளியிட்ட நூலில் டிஸ்கார்டுக்குக் கொடுத்த விளக்கம் இதுதான்.

மோட்சார்ட் 1785இல் எழுதிய ஒரு நாற்கருவி இசைக்கு 'டிஸ்ஸனன்ஸ்' என்றே பட்டப்பெயர் ஒட்டிக்கொண்டது. தொடக்கத்தில் செல்லோ ஒரே சுரத்தை அமைதியாகத் தட்டிக்கொண்டிருக்கும். அதன்மேல் வயோலா ஏ பிளாட்டில் நுழையும். அந்த ஒலி காதில் இருக்கும்போதே முதல் வயலின் மேலே ஏ சுரத்தில் வந்து இறங்கும். இரண்டுக்கும் அரைச்சுரம்தான் இடைவெளி. எங்கே போகிறது என்று தெரியாத இந்த மெதுவான பகுதி முடிந்து, வேகமான பகுதி தெளிவான சி மேஜரில் பிறக்கும்போது கிடைக்கும் வெளிச்சம் அந்த இருட்டால் வந்தது. இதைப் போய் 'அபசுரங்கள் நிறைந்த தொடக்கம்' என்று எழுதினால் மோட்சார்ட்டுக்கு இசை தெரியாது என்று ஆகிவிடும்.

நம் இசையில் இதற்குப் பெயர் இல்லாமல் இல்லை. சிலப்பதிகார உரைகள் சுரங்களின் உறவை இணை, கிளை, பகை, நட்பு என்று நான்காகப் பிரிக்கின்றன. கர்நாடக இசையில் விவாதி என்கிறோம். 72 மேளகர்த்தாக்களில் 40 விவாதி மேளங்கள். கச்சேரியைத் தொடங்க விரும்பிப் பாடப்படும் நாட்டையில் ரிஷபமும் காந்தாரமும் அரைச்சுர இடைவெளியில் நெருங்கி நிற்கின்றன. அந்த உரசல்தான் நாட்டையின் கம்பீரம். ஆனாலும் மேற்கத்திய டிஸ்கார்டை விவாதி என்று மொழிபெயர்க்கத் துணியமாட்டேன். நம்முடையது ஒன்றன்பின் ஒன்றாக வரும் சுரங்களின் உறவு, அவர்களுடையது ஒரே நேரத்தில் ஒலிக்கும் சுரங்களின் உறவு. இசைக்கட்டுரையில் 'முரண் ஒலி', 'முரண் சுரக்கூட்டு' என்பவை பொருளைக் கெடுக்காமல் நிற்கின்றன. அபசுரத்தைத் தவறி வாசித்த இடத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

உருவகமாக வரும் 'டிஸ்கார்டண்ட் நோட்' வேறு. எல்லோரும் பாராட்டிய கூட்டத்தில் ஒருவர் மட்டும் குறை சொன்னார் என்பதற்கு ஆங்கிலத்தில் அதைச் சொல்வார்கள். 'அவர் பேச்சு மட்டும் சுருதி பேதமாக ஒலித்தது' என்று எழுதலாம். ஆனால் அந்த ஒருவர் சொன்னதே உண்மையாக இருக்கலாம் என்று தோன்றினால் 'மாறுபட்ட குரல்' என்று நடுநிலையாக எழுதுங்கள். சுருதி பேதம் என்றாலே பிழை அவருடையது என்று தமிழ்க்காது தீர்ப்புச் சொல்லிவிடும்.

சண்டை இல்லாத டிஸ்கார்ட்

அறிவியலில் 'டிஸ்கார்டண்ட்' என்றால் ஒத்துவராதது என்ற அளவோடு நிற்கும், மனக்கசப்பு எதுவும் அதில் இல்லை. இரட்டையரில் ஒருவருக்கு மட்டும் ஒரு நோய் இருந்தால் அவர்கள் அந்த நோயைப் பொறுத்தவரை டிஸ்கார்டண்ட். மாரிஸ் கெண்டால் 1938இல் வகுத்த தரவரிசை அளவுகோலில், இரண்டு நடுவர்களில் ஒருவர் மாலாவை ராணிக்கு மேலாகவும் மற்றவர் கீழாகவும் வைத்தால் அந்தச் சோடி டிஸ்கார்டண்ட். புவியியலில் கடற்கரைக்குக் குறுக்காகப் பாறை அடுக்குகள் ஓடினால் அது டிஸ்கார்டண்ட் கரை.

இவற்றில் ஆளைப் பாதிப்பது மருத்துவ வழக்குத்தான். 'டிஸ்கார்டண்ட் கப்பிள்' என்றால் எச்.ஐ.வி. தொற்று ஒருவருக்கு இருந்து துணைவருக்கு இல்லாத தம்பதி. அதைப் 'பிணக்குள்ள தம்பதி', 'முரண்பட்ட தம்பதி' என்று எழுதினால், சேர்ந்து வாழ்ந்து ஒருவரை ஒருவர் காப்பாற்றிக்கொண்டிருப்பவர்கள் சண்டைக்காரர்களாகிவிடுவார்கள். இத்தகைய 1,763 தம்பதிகள் 9 நாடுகளிலிருந்து பங்கெடுத்த ஓர் ஆய்வின் முடிவு 2011இல் வந்தது. தொற்றுள்ளவருக்கு முன்கூட்டியே மருந்து தொடங்கினால் துணைக்குத் தொற்றுவது 96 சதவீதம் குறைகிறது என்று அது காட்டியது. சென்னையும் அந்த ஆய்வு நடந்த இடங்களில் ஒன்று. இப்படி எத்தனையோ பேருக்கு நம்பிக்கை தந்த ஒரு செய்தியை எழுதும்போது 'ஒருவருக்கு மட்டும் தொற்றுள்ள தம்பதி' என்று நீட்டி எழுதுங்கள். நான்கு சொல் கூடினால் குற்றமில்லை.

அண்டைச் சொற்களை வேகமாகப் பார்த்துவிடலாம். 'ஃப்ரிக்‌ஷன்' என்றால் உரசல். தமிழ் நேராகவே பொருந்துகிறது. 'ரிஃப்ட்' விரிசல். 'ஸ்ட்ரைஃப்' டிஸ்கார்டைவிடக் கடுமையானது, போராட்டமும் இரத்தமும் கலந்திருக்கலாம். 'டிஸ்ஸனன்ஸ்' ஒலிக்கும் மனத்துக்கும் உரியது. லியான் ஃபெஸ்டிங்கர் 1957இல் நூலாக எழுதிய உளவியல் கருத்துக்கு அந்தச் சொல்தான், ஆகவே அதை டிஸ்கார்டோடு கலக்கக் கூடாது. ஒருவருக்குள்ளேயே நடப்பதால் 'மன முரண்' என்று எழுதலாம்.

வாசகர் எந்தக் கரையில் இருக்கிறார் என்பதையும் பாருங்கள். தமிழ்நாட்டில் பிணக்கு இலக்கியச் சாயலுள்ள சொல், குடும்பத்துக்கும் நட்புக்கும் உரியது. இலங்கையில் அது அன்றாட அலுவல் சொல். மத்தியஸ்த சபைகள் தீர்த்துவைப்பது பிணக்குகளையே, தொழிற்சங்க விவகாரமும் அங்கே கைத்தொழிற் பிணக்கு. ஆகவே யாழ்ப்பாண வாசகருக்குப் பிணக்கு என்றால் 'டிஸ்பியூட்' என்று கேட்க வாய்ப்பு அதிகம். அவருக்கு டிஸ்கார்டை மனக்கசப்பு என்றோ முரண்பாடு என்றோ எழுதுவது பாதுகாப்பு.

கடைசியாக, நீங்களே ஆங்கிலத்தில் எழுத நேர்ந்தால். இசையில் தவிர மற்ற இடங்களில் இந்தச் சொல்லுக்குப் பன்மை பெரும்பாலும் கிடையாது, முன்னால் 'எ' போடவும் வேண்டாம். இருவருக்கு இடையில் என்றால் 'பிட்வீன்', பலருக்குள் என்றால் 'அமங்', ஒரு அமைப்புக்குள் என்றால் 'விதின்', எதைப் பற்றி என்றால் 'ஓவர்' சேரும். உச்சரிப்பில் பெயர்ச்சொல்லுக்கு முதல் அசையில் அழுத்தம். 'டிஸ்கார்டண்ட்' ஆனதும் அழுத்தம் இரண்டாம் அசைக்கு நகர்கிறது. தமிழ் எழுத்தில் இதே உருவத்தில் நிற்கும் இன்னொரு ஆங்கிலச் சொல் உண்டு, தூக்கி எறிவதைக் குறிப்பது. ஆங்கில எழுத்தில் பார்த்தால் அதில் வருவது 'ஏ', இதில் வருவது 'ஓ'. 2015இல் வந்த, இளைஞர்கள் விளையாடிக்கொண்டே பேசப் பயன்படுத்தும் செயலியின் பெயரும் டிஸ்கார்ட்தான். அது பெயர், அதை மொழிபெயர்க்க வேண்டியதில்லை.